படக்குறிப்பும் பாக்கியும்: கடைத்தெருவில் ஒரு கலைஞரின் 14 மாதங்கள்

பின்னணி

நகரத்தின் பழைய கடைத்தெரு ஒன்றில் ஒரு கலைஞர் 14 மாதங்கள் வேலை செய்தார். வியாபாரம் எப்படி மாறுகிறது, அதோடு சேர்ந்து தெரு எப்படி மாறுகிறது என்பதைப் படங்களில் பிடிப்பதுதான் எண்ணம். பெரும்பகுதி நினைத்தபடி நடந்தது. ஆனால் ஒன்பதாவது மாதத்தில் நாங்கள் எழுதிய ஒரு வரி, ஒரு கடைக்காரரின் பிழைப்பில் கை வைத்துவிட்டது. இதை எழுத உட்கார்ந்ததே அந்த வரிக்காகத்தான்.

கலைஞர் முப்பதுகளில் இருக்கும் பெண். ஓவியம் படித்துவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தவர். ஒரு கலை அமைப்பின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்திருந்தது. பேட்டிகளை எழுதுவது, கோப்புகளை ஒழுங்காக வைப்பது, படக்குறிப்புகளைத் தயாரிப்பது ஆகியவை என் பொறுப்பு. யாருடைய பெயரையும் இங்கே சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட கடைக்காரருக்கு முழுவதையும் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் இது வெளியே வருகிறது.

தெருவின் இரு பக்கமும் சேர்த்து 61 கடைகள். பூட்டு சாவி, கடிகாரம் பழுதுபார்ப்பு, அச்சகம், மோட்டார் வைண்டிங், தையல் சாமான், எழுதுபொருள், செருப்புத் தைப்பு என்று பெரும்பாலும் ஒற்றை ஆள் நடத்தும் கடைகள். தெருமுனையில் புது ரயில் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தொடங்கிய விதம்

“காணாமல் போவதற்கு முன்னால் பதிவு செய்துவிட வேண்டும்.” முதல் சந்திப்பில் கலைஞர் சொன்னது இது. அவர் மனத்தில் முன்னோடிகள் சிலர் இருந்தார்கள். 1890-களின் இறுதியில் தொடங்கி முப்பது ஆண்டுகள் பாரிஸின் பழைய தெருக்களையும் கடை முகப்புகளையும் படமெடுத்த யூஜென் அட்ஷே ஒருவர். எட் ருஷே இன்னொருவர். அவர் 1966-இல் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்ட்ரிப் சாலையில் இரு பக்கக் கட்டடங்களையும் ஒன்று விடாமல் படமெடுத்து, சுமார் 25 அடி நீளத்துக்கு விரியும் மடிப்புத் தாளில் அச்சிட்டவர்.

ருஷேயிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு ஒழுங்கு. நல்ல கடை, அழகான கடை என்று பொறுக்கக் கூடாது. எல்லாக் கடையும் வரிசையாக வர வேண்டும். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை, குறித்து வைத்த அதே இடங்களில் நின்று படமெடுப்பார். பூட்டியிருந்தால் பூட்டிய கடையையே எடுப்பார். இந்த ஒழுங்கு கடைசி வரை மாறவில்லை. பணியிலேயே மிகச் சரியான முடிவு இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் கேமரா வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. அப்புறம் ஒவ்வொரு கடையிலும் கேட்டோம். உள்ளே படமெடுக்க 38 பேர் சம்மதித்தார்கள். மறுத்தவர்களில் சிலர் காரணம் சொல்லவில்லை, நாங்களும் துருவவில்லை. ஒருவர் மட்டும், “சரக்கு எவ்வளவு இருக்குன்னு எதிர்க்கடைக்குத் தெரியணுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியதோடு விட்டுவிட்டோம் என்பதுதான் வருத்தம். படம் என்பது வியாபாரத்தில் ஒரு தகவல் என்று மூன்றாவது மாதத்திலேயே ஒருவர் எங்களுக்குச் சொல்லிவிட்டார்.

கண்டது

கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேசை மூன்றடி அகலம். மேலே கண்ணாடி, அதற்கு அடியில் வெள்ளைத் துணி. திருகாணி தவறி விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் துணி. அவர் கை படும் இடத்தில் மட்டும் கண்ணாடி தேய்ந்து பனி படர்ந்த மாதிரி மங்கியிருந்தது. வலது பக்கம் சிறு தகர டப்பாக்கள். எதிலும் எழுத்து கிடையாது. எந்த டப்பாவில் எந்தச் சக்கரம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். “எழுதி வைக்கலாமே” என்று கேட்டதற்கு, “எனக்கு அப்புறம் யார் படிக்கப் போறாங்க?” என்றார். கலைஞர் அந்த மேசையை நாற்பது தடவையாவது படமெடுத்திருப்பார்.

இணைய வியாபாரமும் பெரிய அங்காடிகளும் சிறு கடைகளை விழுங்குகின்றன என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் உள்ளே போனோம். ஐந்தாவது மாதத்துக்குள் இரண்டு கடைகள் மூடிவிட்டன. விசாரித்தால் இரண்டிலும் வியாபாரம் மோசமில்லை. வாடகை ஒப்பந்தம் முடிந்தது, உரிமையாளர் புதுப்பிக்கவில்லை. ரயில் நிலையம் வந்ததும் மூன்று கடைகளின் இடைச்சுவரை இடித்து ஒரே பெரிய கடையாக விடலாம் என்பது அவர் கணக்கு. அதுவரை ஓராண்டு ஒப்பந்தம்தான், அல்லது கதவை இழுத்துப் பூட்டி வைப்பது. காலியான கடை காலியாகவே கிடந்தால் பக்கத்துக் கடைக்கும் ஆள் வரத்து குறைகிறது. மாலையில் விளக்கு இல்லாத ஒரு இருபதடி இருந்தால், மக்கள் எதிர்ப்பக்கம் மாறி நடந்துவிடுகிறார்கள். மாதா மாதம் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது இது பளிச்சென்று தெரிந்தது.

தெருமட்டத்தில் நின்று எடுக்கும் படங்களில் சிக்காத விஷயமும் ஒன்று இருந்தது. பொத்தான், நூல், ஜிப், லேஸ் விற்கும் தையல் சாமான் கடையை ஓர் அம்மா 28 ஆண்டுகளாக நடத்துகிறார். வழிப்போக்கர்கள் அவருக்குப் பெரிய வாடிக்கை இல்லை. அக்கம்பக்கத்து மாடிகளில் இருந்த ஏழு தையல்காரர்களை நம்பித்தான் கடை. மாடி அறைகளுக்கு வாடகை ஏறியதும் தையல்காரர்கள் மூவர் வேறு பகுதிக்குப் போய்விட்டார்கள். கீழே கடை முகப்பில் ஒரு மாற்றமும் இல்லை. அதே பலகை, அதே கண்ணாடி ஜாடிகள். கல்லாவில் மட்டும் மாற்றம்.

இந்த இடத்தில் கலைஞர் முறையை மாற்றினார். நியூயார்க்கில் தன் வீட்டுப் பக்கத்துச் சிறு கடைகள் மறைவதைப் படமெடுக்கத் தொடங்கிய ஸோயி லெனார்ட், அங்கே மூட்டை கட்டிய பழைய துணிகள் எங்கே போகின்றன என்று தேடி ஆப்பிரிக்கச் சந்தைகள் வரை போனவர். 1998 முதல் 2009 வரை நீண்ட அந்தப் பணியில் 412 படங்கள். அதைப் போல நாமும் முகப்பை விட்டுவிட்டுச் சரக்கின் பின்னால் போவோம் என்றார் கலைஞர். மொத்த வியாபாரியின் கிடங்கு, மாடித் தையல் அறைகள், மூட்டை தூக்குபவரின் கைவண்டி என்று அடுத்த மூன்று மாதங்கள் போயின. பணியின் உயிர் இந்த மூன்று மாதங்களில்தான் இருக்கிறது.

பொத்தான் கடை அம்மா தன் கடன் நோட்டையும் காட்டினார். நீளவாக்கில் தைத்த நோட்டு. ஒரு தையல்காரருக்கு ஒரு பக்கம். பாக்கி தீர்ந்தால் பக்கத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு. கடைசிப் பக்கங்களில் அவரே மொத்த வியாபாரிகள் மூவருக்குக் கொடுக்க வேண்டியது. சரக்கு வந்து 45 நாளில் பணம். கையெழுத்து, பத்திரம் எதுவும் இல்லை. தையல்காரருக்கு அவர் தரும் கடன், அவருக்கு மொத்த வியாபாரி தரும் கடனின் மேல் நிற்கிறது. இந்தப் பக்கங்களைப் படமெடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னார். எடுக்கவில்லை.

கண்காட்சியும் அந்த வரியும்

ஒன்பதாவது மாதம், தெருவிலேயே காலியாக இருந்த ஒரு கடையில் இரண்டு வாரக் கண்காட்சி வைத்தோம். கலைக்கூடத்துக்குப் போகாமல் தெருவிலேயே வைத்தது கலைஞரின் முடிவு. படத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அது நியாயம்தான்.

படக்குறிப்புகளை நான் பேட்டிகளிலிருந்து எழுதினேன். பொத்தான் கடைப் படத்தின் கீழே நான் எழுதியது: “28 ஆண்டுகள் ஓடிய கடை. இது இதன் கடைசி நாட்கள்.” இதற்கு ஆதாரம் பேட்டியில் அவர் சொன்ன ஒரு வாக்கியம்: “இன்னும் எத்தனை நாளோ, ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

கடைத்தெருவில் பழகிய யாருக்கும் தெரியும், இது தினமும் சொல்லும் பேச்சு. வியாபாரம் நன்றாக இருக்கும்போதும் “ஏதோ ஓடுது” என்றுதான் சொல்வார்கள். கடையை மூடும் எண்ணம் அவருக்கு இருந்ததே இல்லை. அந்தப் பேச்சை நான் ஒரு முடிவாக எடுத்துக்கொண்டேன். கலைஞர் படித்துச் சரி என்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் போதும். நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

கண்காட்சியின் நான்காம் நாள் மொத்த வியாபாரி ஒருவரின் வசூல் ஆள் வழக்கம்போல் தெருவுக்கு வந்தவர், உள்ளே நுழைந்து படங்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாரக் கடைசியில் அவர் முதலாளி பழைய பாக்கி முழுவதையும் உடனே கேட்டார். அடுத்த சில நாட்களில் மற்ற இருவரும், “இனிமேல் பணம் கொடுத்துச் சரக்கு எடுங்கள்” என்றார்கள். பள்ளிகள் திறக்க ஆறு வாரம் இருந்தது. சீருடைத் தையலுக்காகத் தையல்காரர்கள் ஜிப்பும் பொத்தானும் மொத்தமாக எடுக்கும் பருவம் அது.

அம்மா கண்காட்சிக்கு வந்து படத்தின் முன்னால் நின்றார். கோபப்படவில்லை. “இத யாரு எழுதினது?” என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன்.

எடுத்த முடிவுகள்

அன்று இரவே அந்தக் குறிப்பை எடுத்துவிட்டோம். அடுத்து என்ன என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. கலைஞர் கண்காட்சியை முழுவதும் கழற்றிவிட நினைத்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாதியில் கழற்றினால் தெருவில் அதற்கும் ஒரு காரணம் கற்பிப்பார்கள். அந்தக் காரணமும் ஏதாவது ஒரு கடையின் தலையில் விழும். கடைசியில் எல்லாப் படக்குறிப்புகளையும் நீக்கிவிட்டுப் படங்களை மட்டும் இருக்க விட்டோம்.

மொத்த வியாபாரிகளிடம் நேரில் போய் விளக்குகிறோம் என்றோம். அம்மா வேண்டாம் என்றார். தனக்காக யாரோ பரிந்து பேச வந்தால் உண்மையிலேயே ஆட்டம் கண்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள் என்பது அவர் வாதம். உதவித்தொகையில் ஒரு பகுதியைச் சரக்கு எடுக்கத் தருகிறேன் என்று கலைஞர் சொன்னார். அதற்கு அவர் சொன்ன பதில்: “காசு வேணாம்மா. பேரு போச்சுல்ல, அத எப்படிச் சரி பண்ணுவேன்னு பாரு.”

வழியையும் அவரே சொன்னார். நகைகள் சிலவற்றை அடகு வைத்து ஒரு வியாபாரியின் பாக்கியை முழுவதும் கட்டி, கைக்காசுக்குப் புதுச் சரக்கு எடுத்தார். அது கைவண்டியில் வந்து இறங்குவதைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டு, தேதியோடு கண்காட்சியின் வாசலில் வைக்கச் சொன்னார். வைத்தோம். கலைஞர் எடுத்த படங்களில் கலை நயம் குறைந்த படம் அது என்று வந்தவர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு அந்தத் தெருவில் எடுத்த படங்களிலேயே முக்கியமானது அதுதான்.

அடுத்த முடிவு எல்லோருக்குமானது. ஒவ்வொரு கடைக்காரரும் தன் படத்துக்குத் தானே ஒரு வரி எழுதலாம், எழுதாமல் விடலாம், படத்தையே அகற்றச் சொல்லலாம். 38 பேரில் 31 பேர் எழுதினார்கள். மூவர் எதுவும் வேண்டாம் என்றார்கள். நால்வர் படத்தை அகற்றச் சொன்னார்கள், கழற்றிக் கொடுத்துவிட்டோம்.

எழுதிய வரிகளில் பெரும்பாலானவை இப்படி: “எல்லா அளவு ஜிப்பும் கிடைக்கும்.” “ஞாயிறும் உண்டு.” “சாவி தொலைந்தால் வீட்டுக்கே வந்து திறந்து தரப்படும்.” கலைஞருக்கு முதலில் ஏமாற்றம்தான். தெருவின் ஞாபகங்களை எதிர்பார்த்தவருக்கு விளம்பரங்கள் வந்து சேர்ந்தன. இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார்: நாம் அவர்களை முடிந்துபோனவர்களாகப் பார்த்தோம், அவர்கள் நாளைக் காலை கடை திறப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

பிறகு நடந்தது

மொத்த வியாபாரிகளில் ஒருவர் பாக்கி கிடைத்ததும் பழையபடி கடனுக்குத் தரத் தொடங்கினார். இரண்டாமவர் நான்கு மாதம் கழித்துத் தந்தார். சீருடைப் பருவத்தில் வழக்கமாக எடுக்கும் சரக்கில் பாதிதான் அம்மாவால் எடுக்க முடிந்தது. தையல்காரர்கள் மீதியை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வரவில்லை. அடகு வைத்த நகைகள் பதினான்காம் மாதத்தில்தான் மீண்டன. இதில் எங்கள் பங்கு எவ்வளவு, ரயில் நிலையத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த இரண்டு வாரத்தில் நடந்தவற்றுக்கு எங்கள் வரிதான் தொடக்கம்.

இன்னொரு தவறும் நடந்தது. கண்காட்சி அழைப்பிதழில் தெருவின் நீளப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி தந்திருந்தோம். எந்த நிபந்தனையும் எழுதவில்லை. வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒன்று அதை எடுத்துத் தன் விற்பனைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டது. உழைக்கும் மக்கள் வாழ்ந்த லண்டன் பகுதிகளுக்குள் வசதியானவர்கள் வந்து அவர்களை வெளியேற்றுவதைக் குறிக்க ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964-இல் ஜென்ட்ரிஃபிகேஷன் என்ற சொல்லை உருவாக்கினார். கலைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் காலியான தொழிற்கூடங்களில் கலைஞர்கள் குடியேறினார்கள். 1971-இல் நகர நிர்வாகம் அதைச் சட்டப்படி அனுமதித்தது. பிறகு அந்தக் கட்டடங்களின் விலை கலைஞர்களுக்கே எட்டாத உயரத்துக்குப் போனது. இதெல்லாம் தெரிந்துதான் பணியைத் தொடங்கினோம். தெரிந்திருந்தும் அழைப்பிதழைக் கவனிக்கவில்லை. எழுத்து மூலம் ஆட்சேபித்ததும் அடுத்த அச்சில் படத்தை எடுத்துவிட்டார்கள். முதல் அச்சு ஏற்கெனவே வீடு வீடாகப் போய்விட்டிருந்தது.

நல்லதாக ஒன்று, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அட்ஷே தன் படங்களை ஓவியர்களும் கைவினைஞர்களும் பயன்படுத்தும் ஆவணங்களாகத்தான் விற்றார். அதை மனத்தில் வைத்து, மாதந்தோறும் எடுத்த படங்களில் அவரவர் கடையின் பிரதிகளைத் தேதியிட்டுக் கடைக்காரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார் கலைஞர். பன்னிரண்டாம் மாதம் கடிகாரக்காரர் கடையைக் காலி செய்ய வேண்டி வந்தது. சுவரெல்லாம் ஈரம் பாய்ந்திருக்கிறது, செப்பனிடும் செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்கிறேன் என்றார் உரிமையாளர். நான்காம் மாதப் படத்தில் மாடிக் குழாய்க்கு நேர் கீழே தொடங்கிய கறை, மாதா மாதம் இறங்கி வருவது தெளிவாகத் தெரிந்தது. குழாய் உரிமையாளருடையது. அந்த ஒன்பது படங்களை மேசையில் பரப்பிக் காட்டிய பிறகு முன்பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது. இப்போது அவர் அச்சகத்தின் முன்பக்கத்தில் அதே மேசையோடு உட்கார்ந்திருக்கிறார்.

பதினான்கு மாத முடிவில் 61 கடைகளில் ஒன்பது இடம் மாறியோ மூடியோ போயிருந்தன. ஐந்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இரண்டில் முதுமை, நடத்த ஆளில்லை. வியாபாரம் இல்லாமல் மூடியவை இரண்டே.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலில் படக்குறிப்பு. கடைத்தெருவில் எழுதி மாட்டும் எதுவும் செய்தியாகப் படிக்கப்படும். பார்வையாளரை மட்டும் நினைத்து எழுதினால் போதாது. கடன் கொடுத்தவர், கட்டட உரிமையாளர், எதிர்க்கடைக்காரர் இவர்கள் படித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வரியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். சம்மதம் வாங்குவதும் ஒருமுறை வாங்கினால் தீர்ந்தது என்று இருக்கக் கூடாது. படமெடுக்க வாங்கிய சம்மதம், அதன் கீழே எழுதுவதற்கான சம்மதம் ஆகாது. இப்போது நாங்கள் எழுதியதைக் கடையிலேயே உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுகிறோம். தாளைக் கொடுத்தால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். காதில் விழும்போது திருத்துகிறார்கள்.

வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதை முதல் மாதமே விசாரித்திருக்க வேண்டும். வெளியே காட்டுவதற்காக அல்ல, எங்கே பார்ப்பது என்று நமக்குத் தெரிய. பெயர்ப்பலகைகளில் ஐந்து மாதங்களைச் செலவழித்தோம். மாற்றம் ஒப்பந்தத் தாளிலும் மாடி அறைகளிலும் நடந்துகொண்டிருந்தது.

தேதியிட்ட பிரதிகளை முதல் மாதத்திலிருந்தே கொடுத்திருக்கலாம். நான்காம் மாதத்தில் தொடங்கியதால், அதற்கு முன் காலி செய்த ஒருவருக்கு எதுவும் கையில் இல்லாமல் போனது. வெளியே விடும் படங்களுக்கு நிபந்தனை எழுத வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தவறு நேர்ந்தால் ஈடுசெய்ய உதவித்தொகையில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்க வேண்டும் என்று கலைஞர் நினைக்கிறார். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா கேட்டது காசு இல்லை என்பதும் நினைவில் இருக்கிறது.

சரக்கு இறங்கும் அந்தப் பெரிய படம் இப்போது பொத்தான் கடையின் உள்சுவரில் இருக்கிறது. இரண்டு வியாபாரிகள் பழையபடி 45 நாள் தவணைக்குத் தருகிறார்கள். மூன்றாமவர் இன்றும் கைக்காசு வைத்தால்தான் மூட்டையை இறக்குகிறார்.